8255 போர்ட்டுகளுக்கு நிரல் எழுதுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

8085 மைக்ரோபிராசசர் கிட்டில், பிராசசரை வெளிக்கருவிகளோடு இணைக்கும் 8255 சிப் வழியாக எல்.இ.டி., சுவிட்ச், ரிலே, மோட்டார் ஆகியவற்றை இயக்கப் பழகுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வகத்தில் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்விகள்தான் இவை. 8051, அர்டுவினோ பக்கம் போனவர்களுக்கும் கடைசியில் சில பதில்கள் இருக்கின்றன. ஐ.சி.யின் பின்களைக் கால் என்றே குறிப்பிடுகிறேன். எண்கள் பெரும்பாலும் ஹெக்ஸ் முறையில் இருக்கும்; பத்து முதல் பதினைந்து வரையான இலக்கங்களை ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று எழுதியிருக்கிறேன்.

போர்ட் என்பது கம்பியா, முகவரியா?

இரண்டும்தான். நிரலின் பக்கமிருந்து பார்த்தால் அது ஒரு முகவரி. சாலிடரிங் இரும்பு பிடித்தவர் பார்த்தால் எட்டுக் கால்கள். இந்த இரண்டு பார்வையும் சந்திக்கும் இடத்தில் லாட்ச் என்ற சின்னச் சுற்று உட்கார்ந்திருக்கிறது.

அது எதற்கு என்று கேட்டால், பிராசசரின் டேட்டா பஸ்ஸில் ஒரு பைட் தங்கும் நேரத்தைப் பாருங்கள். 8085 ஓர் எண்ணை வெளியே எழுதும்போது அது பஸ்ஸில் நிற்பது ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவான நேரம். உடனே அதே எட்டுக் கம்பிகளில் அடுத்த ஆணை வந்துவிடும். எல்.இ.டி.யை நேராகப் பஸ்ஸில் கட்டினால் உங்கள் எண்ணோடு சேர்த்து நிரலின் ஒவ்வொரு பைட்டும் அதில் மின்னி மறையும். கடந்து போகும் அந்தப் பைட்டைச் சரியான நொடியில் பிடித்து, அடுத்தது வரும்வரை கால்களில் மின்னழுத்தமாக நிறுத்தி வைப்பதுதான் லாட்ச்சின் வேலை. இதை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு மீதியெல்லாம் விவரங்கள்தாம்.

8255-இல் என்ன இருக்கிறது?

நாற்பது கால்கள். அவற்றில் 24 உங்களுக்கு: போர்ட் ஏ, போர்ட் பி, போர்ட் சி, ஒவ்வொன்றிலும் எட்டு. போர்ட் சி மட்டும் மேல் நான்கு, கீழ் நான்கு என்று இரண்டாகப் பிரிந்து வேலை செய்யும். இவை தவிர, எந்தப் போர்ட் எந்தத் திசையில் போகும் என்று சொல்லும் கண்ட்ரோல் ரெஜிஸ்டர் ஒன்று.

போர்ட்டின் முகவரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கிட்டின் கையேட்டைப் பாருங்கள். நண்பரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து எடுக்காதீர்கள். அவர் வேறு கம்பெனியின் கிட்டில் செய்திருக்கலாம்.

சிப்புக்குள் முகவரியைத் தீர்மானிப்பவை ஏ0, ஏ1 என்ற இரண்டு கால்கள். 00 என்றால் போர்ட் ஏ, 01 என்றால் போர்ட் பி, 10 என்றால் போர்ட் சி, 11 என்றால் கண்ட்ரோல் ரெஜிஸ்டர். இந்த வரிசை எந்த 8255-இலும் மாறாது. மாறுவது தொடக்க எண் மட்டும்தான். சிப்பைத் தட்டி எழுப்பும் சிப் செலக்ட் காலை, போர்டை வடிவமைத்தவர் எந்த முகவரிக்குக் கட்டினார் என்பதைப் பொறுத்தது அது. இந்தப் பக்கம் முழுவதும் போர்ட் ஏ 40, போர்ட் பி 41, போர்ட் சி 42, கண்ட்ரோல் 43 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கிட்டின் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

8085-இன் இன், அவுட் ஆணைகளில் போர்ட் முகவரி ஒரே பைட். அதனால் மொத்தம் 256 முகவரிகள்தான். சில போர்டுகளில் 8255-ஐ நினைவகத்தின் பகுதிபோலக் கட்டியிருப்பார்கள். அங்கே முகவரி 16 பிட். அவுட் ஆணைக்குப் பதில் எஸ்டிஏ, இன் ஆணைக்குப் பதில் எல்டிஏ. கையேட்டில் நான்கு இலக்க ஹெக்ஸ் முகவரி கொடுத்திருந்தால் உங்கள் போர்டு இந்த வகை.

கண்ட்ரோல் வேர்டை மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

வேண்டாம். தேர்வுக்கு முதல் நாள் இரவில் அட்டவணையை உருப்போடும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் ஒரு பிட் இடம் மாறியிருக்கும். அதைக் கட்டி எழுப்பத் தெரிந்தால் போதும்.

கண்ட்ரோல் ரெஜிஸ்டருக்கு அனுப்பும் பைட்தான் கண்ட்ரோல் வேர்டு. அதன் எட்டுப் பிட்டுகளை இடமிருந்து வலமாகப் படியுங்கள். முதல் பிட் 1 என்றால் "திசையைச் சொல்லப்போகிறேன்" என்று பொருள். அடுத்த இரண்டும் போர்ட் ஏ எந்த மோடு என்று சொல்பவை; சாதாரண உள்ளீடு, வெளியீடு முறையான மோடு 0 என்றால் 00. நான்காவது போர்ட் ஏ-யின் திசை. ஐந்தாவது போர்ட் சி-யின் மேல் பாதியின் திசை. ஆறாவது போர்ட் பி-யின் மோடு. ஏழாவது போர்ட் பி-யின் திசை. எட்டாவது போர்ட் சி-யின் கீழ் பாதியின் திசை. திசைப் பிட்டுகளில் 1 என்றால் உள்ளீடு, 0 என்றால் வெளியீடு.

இப்போது ஒரு கணக்கு. போர்ட் ஏ-யில் எல்.இ.டி.கள், போர்ட் பி-யில் சுவிட்சுகள், போர்ட் சி வெளியீடு, எல்லாம் மோடு 0. எழுதிப் பார்த்தால் 1, 00, 0, 0, 0, 1, 0. சேர்த்தால் 1000 0010. ஹெக்ஸில் 82. இதேபோல எல்லாம் வெளியீடு என்றால் 80. எல்லாம் உள்ளீடு என்றால் 1001 1011, அதாவது 9பி. மூன்று முறை கையால் எழுதிப் பார்த்தவருக்கு அட்டவணை தேவைப்படாது.

முதல் நிரல் எப்படி இருக்க வேண்டும்?

மிகச் சிறியதாக. சுவிட்சுகளைப் படித்து அப்படியே எல்.இ.டி.களில் காட்டும் நிரலைத்தான் நான் எப்போதும் முதலில் கொடுப்பேன். ஐந்தே வரிகள் (இங்கே ஏ என்பது பிராசசரின் ஏ ரெஜிஸ்டர், போர்ட் ஏ அல்ல):

எம்விஐ ஏ, 82
அவுட் 43
மீண்டும்: இன் 41
அவுட் 40
ஜம்ப் மீண்டும்

4100 என்ற முகவரியிலிருந்து கிட்டில் அடிக்க வேண்டிய பதினொரு பைட்டுகள்: 3இ 82, டி3 43, டிபி 41, டி3 40, சி3 04 41.

கடைசி மூன்று பைட்டுகளைக் கவனியுங்கள். மீண்டும் என்ற இடம் 4104. 8085-இல் முகவரியின் கீழ் பாதி முதலில், மேல் பாதி பிறகு. அதனால் 04 41. இந்த நிரலில் 41 என்ற எண் இரண்டு இடங்களில் வருகிறது. முதலில் வருவது போர்ட் பி-யின் முகவரி. கடைசியில் வருவது நினைவக முகவரியின் மேல் பாதி. எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. உங்கள் கிட்டின் போர்ட் முகவரிகளுக்கு மாற்றும்போது இரண்டு 41-ஐயும் சேர்த்து மாற்றிவிட்டு, நிரல் எங்கோ தாவிப் போய்விட்டது என்று வந்து நிற்பவர்கள் உண்டு.

கிட்டின் கிரிஸ்டல் 6.144 மெகாஹெர்ட்ஸ் என்றால் 8085 உள்ளே அதில் பாதியில், 3.072 மெகாஹெர்ட்ஸில் ஓடும். சுற்றில் இருக்கும் இன், அவுட், ஜம்ப் ஒவ்வொன்றுக்கும் 10 கிளாக் துடிப்புகள். மொத்தம் 30. ஆகவே நீங்கள் சுவிட்சைத் தட்டிவிட்டுப் பார்க்கும் ஒரே விநாடியில் இந்தச் சின்ன நிரல் 1,02,400 முறை சுவிட்சைப் பார்த்து எல்.இ.டி.யை எழுதியிருக்கும். முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

கண்ட்ரோல் வேர்டு எழுத மறந்தால் சிப் கெட்டுவிடுமா?

கெடாது. ரீசெட் ஆனவுடன் 8255-இன் மூன்று போர்ட்டுகளும் உள்ளீடாகிவிடும். காரணம் பாதுகாப்புதான். எதிர்ப்பக்கத்தில் ஒரு சென்சார் 5 வோல்ட்டைத் தள்ளிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் சிப் 0 வோல்ட்டுக்கு இழுத்தால், இரண்டு வெளியீடுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி ஏதாவது ஒன்று சூடாகி எரியும். உள்ளீடாக இருக்கும் கால் யாரோடும் சண்டைக்குப் போகாது.

ஆனால் உள்ளீடாக இருக்கும்போது அந்தக் காலில் எந்த நிலை இருக்கும் என்று உறுதி கிடையாது. அதனால் ரீசெட்டுக்கும் உங்கள் முதல் அவுட் ஆணைக்கும் இடையிலான நேரத்தில் ரிலேயோ மோட்டாரோ தானாக இயங்கக் கூடாது என்றால், அவற்றை இயக்கும் டிரைவர் சுற்றுக்குப் போகும் கம்பியில் ஒரு ரெசிஸ்டரைத் தரைக்கு (0 வோல்ட்டுக்கு) போட்டு வையுங்கள். பாதுகாப்பை நிரலிடம் மட்டும் ஒப்படைக்காதீர்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு போர்ட்டின் திசையை மாற்றினேன். மற்றப் போர்ட்டில் எரிந்த விளக்குகளும் அணைந்துவிட்டனவே?

அது சிப்பின் இயல்பு. கண்ட்ரோல் வேர்டை மறுபடி எழுதியவுடன் வெளியீட்டு லாட்ச்சுகள் எல்லாம் 0 ஆகிவிடும். எனவே திசையை நிரலின் தொடக்கத்தில் ஒருமுறை சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நடுவில் மாற்றியே ஆக வேண்டும் என்றால், எந்தப் போர்ட்டில் கடைசியாக என்ன எழுதினீர்கள் என்பதை நினைவகத்தில் ஒரு நகலாக வைத்துக்கொண்டு, மாற்றியவுடன் திரும்ப எழுதுங்கள். பழைய 8255ஏ சிப்பில் கண்ட்ரோல் ரெஜிஸ்டரைத் திரும்பப் படிக்கவும் முடியாது. பின்னர் வந்த 82சி55ஏ சிப்பில் முடியும். எதுவானாலும் நகல் வைத்துக்கொள்ளும் பழக்கம் உங்களைக் காப்பாற்றும்.

ஒரே ஒரு காலை மட்டும் மாற்ற முடியுமா?

போர்ட் சி-யில் முடியும். கண்ட்ரோல் ரெஜிஸ்டருக்கு அனுப்பும் பைட்டின் முதல் பிட் 0 ஆக இருந்தால், சிப் அதைத் திசை ஆணையாக எடுத்துக்கொள்ளாமல், "போர்ட் சி-யின் ஒரு பிட்டை மாற்று" என்று புரிந்துகொள்ளும். கடைசிப் பிட் 1 என்றால் ஏற்று, 0 என்றால் இறக்கு. அதற்கு முந்தைய மூன்று பிட்டுகள் எந்தக் கால் என்று சொல்லும். ஆறாம் எண் காலை ஏற்ற 0000 1101, அதாவது 0டி, இறக்க 0சி.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, இந்தப் பைட்டைப் போர்ட் சி-யின் முகவரியான 42-க்கு அனுப்புவது. அப்படிச் செய்தால் 0டி என்பதே போர்ட் சி-யில் போய் உட்கார்ந்து 0, 2, 3 ஆகிய கால்கள் ஏறிவிடும். எரிய வேண்டியது ஒரு விளக்கு, எரிவது வேறு மூன்று. அந்த மூன்றையும் பார்த்தவுடனேயே என்ன தவறு என்று சொல்லிவிடலாம். அனுப்ப வேண்டிய இடம் கண்ட்ரோல் முகவரியான 43.

போர்ட் ஏ, பி-யில் இந்த வசதி இல்லை. அங்கே நினைவக நகலை எடுத்து, ஏஎன்ஐ அல்லது ஓஆர்ஐ ஆணையால் வேண்டிய பிட்டை மட்டும் மாற்றி, திரும்ப எழுத வேண்டும்.

எல்.இ.டி.யையும் ரிலேயையும் நேராகக் காலில் கட்டலாமா?

ஆய்வகத்தில் சிப்புகள் சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய 8255ஏ சிப்பின் ஒரு போர்ட் கால், 0 நிலையில் உள்வாங்கக் கூடியதாக டேட்டாஷீட் உறுதி தருவது 1.7 மில்லியாம்பியர். 82சி55ஏ என்றால் 2.5 மில்லியாம்பியர். இப்போது கணக்குப் போடுங்கள். 5 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட். வழக்கமாகப் போடும் 330 ஓம் ரெசிஸ்டரில் 9 மில்லியாம்பியர் ஓடும். உறுதி தரப்பட்ட அளவைவிட ஐந்து மடங்குக்கும் மேல். "எரிகிறதே சார்" என்பார்கள். எரியும். ஆனால் அந்தக் காலின் மின்னழுத்தத்தை அளந்து பார்த்தால் அது 0-வும் இல்லாமல் 1-ம் இல்லாமல் நடுவில் எங்கோ தொங்கும். அதே காலிலிருந்து இன்னொரு சிப்புக்கும் கம்பி போனால் அந்தச் சிப் குழம்பும்.

கிட்டோடு வரும் எல்.இ.டி. போர்டுகளில் நடுவே ஒரு பஃபர் ஐ.சி. இருக்கும். நீங்களே கட்டுவதானால் யு.எல்.என். 2003 வாங்குங்கள். ஏழு டார்லிங்டன் டிரான்சிஸ்டர்கள் ஒரே உறையில். ஒவ்வொன்றும் 500 மில்லியாம்பியர் வரை தாங்கும். அது மின்னோட்டத்தைத் தரைக்கு இழுக்க மட்டும் செய்யும், மேலிருந்து தராது. ஆகவே ரிலேயின் ஒரு முனை நேராக 12 வோல்ட்டுக்கு, மறு முனை யு.எல்.என். 2003-இன் வெளியீட்டுக்கு. அதன் ஒன்பதாம் காலை அதே 12 வோல்ட்டில் கட்ட மறக்காதீர்கள். ரிலே அணையும் நொடியில் காயிலிலிருந்து எதிர்த்திசையில் எழும் உயர் மின்னழுத்தத்துக்கு வழிவிடும் டையோடுகள் அந்தக் காலில்தான் சேர்கின்றன. அதைக் கட்டாமல் விட்டால் ரிலே இரண்டு நாள் நன்றாகத் தட்டிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் ஐ.சி. போய்விடும்.

இன்னொரு நுணுக்கம். டார்லிங்டனின் அடிமுனைக்கு (பேஸ்) மின்னோட்டம் தரும் திறனை 8255ஏ டேட்டாஷீட் போர்ட் பி, சி இவற்றில் ஏதாவது எட்டுக் கால்களுக்குத்தான் சொல்கிறது: 1.5 வோல்ட்டில் 1 முதல் 4 மில்லியாம்பியர் வரை. பழைய சிப் என்றால் டிரைவர்களைப் போர்ட் பி அல்லது சி-யில் கட்டுங்கள், எல்.சி.டி., டி.ஏ.சி. (எண்ணை மின்னழுத்தமாக்கும் சிப்) போன்றவற்றைப் போர்ட் ஏ-க்கு விடுங்கள்.

12 வோல்ட் சப்ளையின் தரையும் கிட்டின் தரையும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். இதைத் தனிக் கேள்வியாகவே போட்டிருக்கலாம். அத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

சுவிட்சை அழுத்தாதபோதும் எண் மாறிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

திறந்த சுவிட்ச் என்பது ஒன்றோடும் சேராத கம்பி. அதில் 0 இருக்கிறதா 1 இருக்கிறதா என்று சிப்பால் சொல்ல முடியாது. பக்கத்தில் கை வைத்தாலே மாறும். காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், காலிலிருந்து தரைக்குச் சுவிட்சும் போடுங்கள். அழுத்தாதபோது 1, அழுத்தினால் 0. இது தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றினால் படித்தவுடன் சிஎம்ஏ ஆணையால் திருப்பிக்கொள்ளுங்கள்.

ஒருமுறை அழுத்தினால் நான்கு, ஐந்து என்று எண்ணுவது வேறு பிரச்சினை. உள்ளே இருக்கும் உலோகத் தகடு மோதும்போது சில மில்லி விநாடிகள் துள்ளும். மேலே பார்த்த வேகத்தில் ஓடும் நிரல் ஒவ்வொரு துள்ளலையும் தனி அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். முதல் மாற்றத்தைப் பார்த்ததும் 20 மில்லி விநாடி காத்திருந்து மறுபடி படியுங்கள். அப்போதும் அதே நிலை என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். விடுவதற்கும் இப்படியே.

ஓடும் விளக்கு நிரலில் முதல் விளக்கு ஒருமுறை எரிந்து அணைகிறது. பிறகு ஒன்றுமே இல்லை. எங்கே தவறு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு மாணவி இந்த நிரலோடு ஒரு பிற்பகல் முழுவதும் போராடினார். முக்கிய நிரலில் ஏ ரெஜிஸ்டரில் 01 வைத்து, அவுட் 40, தாமதத் துணைநிரலை அழைக்கும் ஆணை, ஆர்எல்சி ஆணையால் ஒரு பிட் சுழற்றல், திரும்பவும் அவுட்டுக்கு ஜம்ப். நான்கு பேர் படித்துப் பார்த்தும் குறை சொல்ல முடியவில்லை. குறை அங்கே இல்லை, தாமதத்தில் இருந்தது:

தாமதம்: எல்எக்ஸ்ஐ டி, எஃப்எஃப்எஃப்எஃப்
சுற்று: டிசிஎக்ஸ் டி
மூவ் ஏ, டி
ஓஆர்ஏ இ
ஜேஎன்இஸட் சுற்று
ரெட்

டிசிஎக்ஸ் ஆணை 16 பிட் எண்ணைக் குறைக்கும், ஆனால் விடை பூஜ்யமா என்று காட்டும் கொடி (ஃபிளாக்) உட்பட எந்தக் கொடியையும் மாற்றாது. அதனால்தான் டி, இ ரெஜிஸ்டர்கள் இரண்டையும் ஏ-யில் கொண்டுவந்து ஓஆர்ஏ செய்து பூஜ்யமா என்று பார்க்கிறோம். சரியான முறைதான். ஆனால் சுற்று முடியும்போது ஏ-யில் என்ன இருக்கும்? பூஜ்யம். அது பூஜ்யமாக இருந்ததால்தானே சுற்று முடிந்தது! 01 அழிந்துவிட்டது. பூஜ்யத்தை எத்தனை முறை சுழற்றினாலும் பூஜ்யம்தான். விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்ததற்கு இதுவே முழுக் காரணம்.

தாமதத்தின் முதல் வரிக்கு முன், ஏ ரெஜிஸ்டரை ஸ்டாக்கில் பத்திரப்படுத்தும் புஷ் பிஎஸ்டபிள்யூ, ரெட்டுக்கு முன் அதை மீட்கும் பாப் பிஎஸ்டபிள்யூ சேர்த்தோம். விளக்கு ஓடியது. அவர் அன்று ஒற்றைப் படி முறையில் தாமதத்துக்குள் நுழைந்து ஏ ரெஜிஸ்டரை ஒவ்வோர் ஆணைக்குப் பிறகும் எழுதி வைத்திருந்த தாளில்தான் விடை கிடைத்தது. ஸ்டாக் பாயின்டரை நிரலின் தொடக்கத்திலேயே பயனர் நினைவகத்தில் ஓரிடத்துக்கு வைத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சுற்றின் நேரத்தையும் கணக்கிடலாம். டிசிஎக்ஸ் 6, மூவ் 4, ஓஆர்ஏ 4, ஜேஎன்இஸட் 10; மொத்தம் 24 துடிப்புகள். 3.072 மெகாஹெர்ட்ஸில் அது 7.8125 மைக்ரோ விநாடி. 65,535 சுற்றுக்கு 0.512 விநாடி. அரை விநாடி வேண்டும் என்றால் 64,000 சுற்று, ஹெக்ஸில் எஃப்ஏ00.

ஸ்டெப்பர் மோட்டார் சுழலாமல் உறுமுகிறதே?

09, 05, 06, 0ஏ என்ற வரிசையை அனுப்பினால் ஒரு பக்கம் சுழலும். தலைகீழாக அனுப்பினால் மறுபக்கம். உறுமினால் முதலில் தாமதத்தைக் கூட்டிப் பாருங்கள். சுழலி அடுத்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அடுத்த எண் வந்துவிட்டால் அது நின்ற இடத்திலேயே நடுங்கும். தாமதம் போதுமானதாக இருந்தும் முன்னும் பின்னும் ஆடினால், இரண்டு சுருள்களின் கம்பிகள் இடம் மாறியிருக்கும்.

மோடு 1, மோடு 2 எப்போது வேண்டும்?

எல்.இ.டி.க்கும் சுவிட்சுக்கும் மோடு 0 போதும். எதிர்ப்பக்கம் தன் வேகத்தில் இயங்கும் கருவியாக இருந்தால், "தந்துவிட்டேன்", "எடுத்துக்கொண்டேன்" என்று இருவரும் சொல்லிக்கொள்ள வழி வேண்டும். மோடு 1 அந்த வழியைப் போர்ட் சி-யின் கால்களில் தானாகவே அமைத்துத் தரும். பழைய பேரலல் பிரிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைக் கொடுத்துவிட்டு அது ஏற்கும்வரை காத்திருக்க வேண்டும். போர்ட் ஏ-யை மோடு 1 வெளியீடாக வைத்தால், பைட் தயார் என்று போர்ட் சி-யின் 7-ஆம் கால் (சிப்பின் 7-ஆம் கால் அல்ல) சொல்லும். பெற்றுக்கொண்டேன் என்ற பதிலை 6-ஆம் கால் வாங்கிக்கொள்ளும். பிராசசரைக் குறுக்கிட்டு அழைக்க 3-ஆம் கால். ஆனால் அந்த அழைப்பு தானாக வராது. 6-ஆம் பிட்டை மேலே சொன்ன ஒற்றைப் பிட் முறையில் ஏற்றி அனுமதி தந்தால்தான் வரும். உள்ளீடாக இருந்தால் அனுமதிக்கு 4-ஆம் பிட். மோடு 2 போர்ட் ஏ-க்கு மட்டும் உரியது. ஒரே எட்டுக் கம்பிகளில் இரு திசையிலும் போக்குவரத்து.

8051-க்கு மாறினேன். கண்ட்ரோல் வேர்டே இல்லையே?

இல்லை. அங்கே திசை ரெஜிஸ்டர் கிடையாது. நான்கு போர்ட்டுகள், 32 கால்கள். ஒரு காலை உள்ளீடாக்க அதில் 1 எழுத வேண்டும். 1 எழுதினால் உள்ளே மெல்லிய புல்-அப் (5 வோல்ட் பக்கம் இழுக்கும் இணைப்பு) மட்டும் காலைத் தாங்கி நிற்கும். வெளியிலிருக்கும் சுவிட்ச் அதை எளிதாக 0-க்கு இழுக்கலாம். 0 எழுதிவிட்டு உள்ளீட்டைப் படித்தால் எப்போதும் 0-தான் வரும். போர்ட் 0-இல் அந்த மெல்லிய புல்-அப்பும் இல்லை. வெளியே 10 கிலோ ஓம் போட்டால்தான் 1 என்பதே தெரியும். "போர்ட் 1-இல் எரிகிற எல்.இ.டி. போர்ட் 0-இல் எரியவில்லை" என்ற கேள்விக்கு விடை இதுவே.

இன்னொன்று. மூவ் ஆணை போர்ட்டைப் படித்தால் காலின் நிலை கிடைக்கும். போர்ட்டையே மாற்றி எழுதும் ஏஎன்எல், ஓஆர்எல், சிபிஎல் போன்றவை காலைப் பார்ப்பதில்லை, லாட்ச்சைப் பார்க்கும். வேண்டுமென்றேதான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஒரு கால் டிரான்சிஸ்டரின் அடிமுனையில் கட்டப்பட்டிருந்தால், நாம் 1 எழுதியிருந்தாலும் அங்கே 0.7 வோல்ட்தான் இருக்கும். அதைப் படித்தால் 0 என்று தோன்றும். அதைத் திரும்ப எழுதினால் டிரான்சிஸ்டர் அணைந்துவிடும்.

அர்டுவினோ ஊனோவில் போர்ட்டை நேராக எழுதலாமா?

தாராளமாக. அதிலுள்ள ஏடிமெகா328பி சிப்பில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் மூன்று ரெஜிஸ்டர்கள்: திசைக்கு டிடிஆர், எழுத போர்ட், படிக்க பின். 8255-இலிருந்து வருபவர் முதலில் தடுக்கி விழுவது திசையில். 8255-இல் 1 என்றால் உள்ளீடு. இங்கே 1 என்றால் வெளியீடு. நேர்த் தலைகீழ். இரண்டாவது தடுமாற்றம், சுவிட்சைப் படிக்க பின் ரெஜிஸ்டருக்குப் பதில் போர்ட் ரெஜிஸ்டரைப் படிப்பது. அது நீங்கள் எழுதியதையே உங்களிடம் திருப்பிச் சொல்லும். உள்ளீட்டுக் காலின் போர்ட் பிட்டில் 1 எழுதினால் உள்ளேயே புல்-அப் இணையும். வெளியே ரெசிஸ்டர் வேண்டாம்.

வேகத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. டிஜிட்டல்ரைட் என்ற கட்டளை சில மைக்ரோ விநாடிகள் எடுத்துக்கொள்ளும். ஒரு பிட்டை நேராக ஏற்றும் ஆணைக்கு 16 மெகாஹெர்ட்ஸில் 125 நானோ விநாடி. எட்டுக் கால்களும் ஒரே நொடியில் மாற வேண்டும் என்றால் போர்ட்டை எழுதுவதுதான் வழி. ஆனால் போர்ட் டி-யின் 0, 1 கால்களில் சீரியல் தொடர்பு இருக்கிறது. அங்கே முழுப் பைட்டையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். அந்த இரண்டு பிட்டுகளையும் மறைத்துவிட்டு மற்ற ஆறை மட்டும் மாற்றுங்கள்.

3.3 வோல்ட் போர்டை 8255-உடன் சேர்க்கலாமா?

ராஸ்பெரி பையின் கால் 5 வோல்ட்டைத் தாங்காது. 8255-இலிருந்து அதற்குப் போகும் ஒவ்வொரு கம்பியிலும் 10, 20 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தைப் பிரித்துக் கொடுங்கள். 5 வோல்ட் 3.3 ஆகும். எதிர்த்திசையில், 3.3 வோல்ட்டை 8255 பொதுவாக 1 என்றே எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை. எங்கே தொடங்குவது?

நிரலை மூடி வையுங்கள். மல்டிமீட்டரை எடுங்கள். கறுப்பு முனை 8255-இன் 7-ஆம் காலில், சிவப்பு முனை 26-ஆம் காலில்: 5 வோல்ட் வர வேண்டும். கனெக்டரில் அளக்காதீர்கள்; சிப்பின் காலிலேயே வையுங்கள், சாக்கெட்டின் தளர்வும் அப்போதுதான் தெரியும். அடுத்து 35-ஆம் கால், ரீசெட். நிரல் ஓடும்போது அது 0-வில் இருக்க வேண்டும். 1-இல் ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் எழுதும் எதுவும் நிற்காது.

பிறகு கண்ட்ரோலில் 80, போர்ட் ஏ-யில் 01 எழுதி ஒரு ஹால்ட் ஆணையோடு நிறுத்துங்கள். 4-ஆம் காலை அளந்தால் 1 நிலை தெரிய வேண்டும். 3, 2, 1-ஆம் கால்களில் 0. போர்ட் ஏ-யின் வரிசை 4, 3, 2, 1 என்று இறங்கி, அங்கிருந்து எதிர்ப்பக்கத்து 40, 39, 38, 37-க்குத் தாவும். போர்ட் சி இன்னும் விசித்திரம்: 10 முதல் 17 வரை கால்களில் பிட் வரிசை 7, 6, 5, 4, 0, 1, 2, 3. நேராக இருக்கும் என்று நம்பி ரிப்பன் கேபிள் கட்டியவர்கள் இதில் மணிக்கணக்கில் சிக்கியிருக்கிறார்கள்.

காலில் மின்னழுத்தம் சரியாக வந்துவிட்டால் நிரலும் முகவரியும் கண்ட்ரோல் வேர்டும் சரி. குறை வெளியே கம்பியில். வரவில்லை என்றால் குறை உள்ளே. தேட வேண்டிய இடம் ஒரே அளவையில் பாதியாகிவிடுகிறது.

சிப்பின் மேலேயே சந்தேகம் வந்தால், எல்லா இணைப்புகளையும் கழற்றிவிட்டு, போர்ட் ஏ-யின் எட்டுக் கால்களைப் போர்ட் பி-யின் எட்டுக் கால்களோடு கம்பியால் சேருங்கள். ஏதாவது ஒரு கணத்தில் இரண்டு போர்ட்டும் வெளியீடானால் மோதும். ஆகவே முந்தைய நிரலின் 80 அப்படியே இருக்க விடாமல், கிட்டை ரீசெட் செய்த பிறகே கம்பிகளைப் போடுங்கள். பிறகு கண்ட்ரோலில் 82. போர்ட் ஏ-யில் 55 எழுதி, போர்ட் பி-யைப் படித்து, அதே எண் வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஏஏ எழுதிப் பாருங்கள். 55 என்பது 0101 0101, ஏஏ அதன் எதிர்ப்பதிவு. அடுத்தடுத்த இரண்டு கம்பிகள் ஒட்டியிருந்தாலும், ஒரு கால் 0-விலோ 1-இலோ செத்துக் கிடந்தாலும் இந்த இரண்டு எண்களில் ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். 55-க்கு 54 திரும்பி வந்தால் 0-ஆம் பிட்டின் பாதையில் தேடுங்கள்: 4-ஆம் கால், 18-ஆம் கால், அல்லது இரண்டுக்கும் நடுவில் நீங்கள் போட்ட அந்த ஒற்றைக் கம்பி.